எல்லை தாண்டி வரும் புகை

அரிசியில் கல் இருந்தால் அரித்து எடுக்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். ஆனால் பிள்ளை சுவாசிக்கும் காற்றை அப்படிச் சுத்தம் செய்து கொடுக்க எந்தத் தாயாலும் முடியாது. காற்று தான் கடந்து வந்த இடத்தின் அழுக்கையும் சுமந்துகொண்டே வருகிறது.

2022 டிசம்பர் முற்பகுதியில் நாடே இதை உணர்ந்தது. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் உருவாகியிருந்த வேளையில், இந்தியப் பக்கமிருந்து மாசடைந்த காற்று இலங்கைக்கு மேல் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணம் முதல் கண்டி, கொழும்பு வரை வானம் மங்கியது. வளியின் தரம் குறைந்துவிட்டதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. 9ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் வானம் தெளிந்தது, பேச்சும் ஓய்ந்தது.

ஆனால் இது ஒரு நாள் அதிசயமல்ல. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்காசியப் பெருநிலத்தின் புகை தெற்கு நோக்கி நகர்கிறது. 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு பன்னாட்டு விஞ்ஞானிகள் நடத்திய ஆய்வில், இந்து சமுத்திரத்தின் வடபகுதிக்கு மேல் கபில நிறப் புகைமண்டலம் பரந்து கிடப்பது தெரியவந்தது. வாகனங்கள், தொழிற்சாலைகள், எரிக்கப்படும் வைக்கோல், வீட்டு விறகு எல்லாம் அதற்குக் காரணம்.

தூசும் ஓசோனும்

இந்தப் புகையில் உள்ள நுண்துகள்கள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானவை. நுரையீரலின் அடிவரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஒரு கன மீற்றர் காற்றில் இவற்றின் 24 மணிநேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது.

மற்றையது ஓசோன். வானத்தின் உயரத்தில் அது வெய்யிலின் தீய கதிர்களைத் தடுக்கும் குடை. நிலமட்டத்திலோ அது நஞ்சு. எந்தப் புகைபோக்கியிலிருந்தும் அது நேரடியாக வருவதில்லை. வாகன, எரிபொருள் புகையிலுள்ள வாயுக்கள் வெய்யிலில் தாக்கமுற்று உருவாகிறது. ஆகவே பிற்பகலில் அதிகரிக்கும். தொண்டை எரிவு, இருமல், நெஞ்சு இறுக்கம் உண்டாகும். முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு அது கூடும். தூசைத் தடுக்கும் முகக்கவசம் ஓசோனைத் தடுக்காது.

யன்னலைப் பூட்டினால் போதுமா?

"வெளியே செல்லாதீர்கள், யன்னல்களை மூடுங்கள்" என்பதே இத்தகைய நாட்களில் கிடைக்கும் அறிவுரை. 2022 எரிவாயுத் தட்டுப்பாட்டினால் நான் பணியாற்றும் கிராமத்தில் பலர் விறகடுப்புக்குத் திரும்பியிருந்தார்கள். அங்கே ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "யன்னலைப் பூட்டினா அடுப்புப் புகை எங்கால போறது மிஸ்?"

நியாயமான கேள்வி. வீட்டுக்குள் எரியும் விறகு போன்ற எரிபொருட்களின் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடுப்படியில் அதிக நேரம் நிற்பவள் பெண். அவளது இடுப்பில் இருப்பது குழந்தை. வெளிப்புகைக்கு அஞ்சிக் கதவடைத்தால் உட்புகை அவர்களைச் சூழ்ந்துகொள்கிறது. ஆகவே காற்று மங்கலான நாட்களிலும் அடுப்பு எரியும்போது குசினி யன்னலைத் திறந்தே வையுங்கள். நன்கு காய்ந்த விறகைப் பாவியுங்கள். சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அடுப்படியிலிருந்து விலக்கி வையுங்கள். பிள்ளைகளின் விளையாட்டையும் கடின வெளிவேலைகளையும் தள்ளிப்போடுங்கள். குப்பையையும் பொலித்தீனையும் எரிக்க வேண்டாம். மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கடல் கடந்து வரும் புகையைத் தனியொரு குடும்பத்தால் நிறுத்த முடியாது. அதற்காகவே 1998இல் இலங்கை உட்படத் தெற்காசிய நாடுகள் மாலே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. ஆனால் புகைபோக்கியுள்ள அடுப்பு நம் ஊரிலேயே கட்டக்கூடியது. மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முதலாவது விடயமாக எடுங்கள். குடும்பநல உத்தியோகத்தரையும் அழையுங்கள். எந்தெந்த வீட்டில் புகைபோக்கி இல்லை என்று ஒரு பட்டியல் தயாரித்துப் பிரதேச செயலகத்திடம் கொடுங்கள். புகை வரும் நாளில் கதவைத் திறப்பதா மூடுவதா என்று எந்தத் தாயும் தவிக்கக்கூடாது.