கரண்ட் வைத்தவர் குழந்தையைத் தூக்கலாமா?

போன மாதம் போடிக்குப் போனபோது பெரியம்மா திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மதுரையில் 'கரண்ட் வைத்து' முடித்துப் பத்து நாள் ஆகிறது. கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது தட்டு தனி, பாய் தனி. ஒரு வயசுப் பேரனைக் கிட்டவே விடவில்லை. "புள்ளைக்கு ஆகாதாம்ப்பா" என்றார். பொட்டிப்புரம் நியூட்ரினோ பேச்சு கிளம்பியதிலிருந்து எங்கள் ஊரில் கதிர்வீச்சு என்றாலே ஒரு கிலி.

பெரியம்மாவுக்கு வைத்தது லீனியர் ஆக்சிலரேட்டர். எலெக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு உலோகத் தகட்டில் மோதவைத்தால் எக்ஸ்-ரே வரும். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், டார்ச் லைட் மாதிரி. நாளெல்லாம் ஏலக்காய் பொறுக்கினால் கையில் மணம் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமே, அப்படி இது வராது. பேரனைத் தாராளமாகத் தூக்கலாம்.

"அப்ப அந்தப் பொண்ணு ஏன் கதவச் சாத்திட்டு வெளிய ஓடுது?"

நல்ல கேள்வி. பெரியம்மாவுக்கு அது சில வாரச் சிகிச்சை. அந்தப் பெண்ணுக்கோ வருஷக்கணக்கில் தினசரி வேலை. அதனால்தான் ஒரு மீட்டருக்கும் மேல் கனமான கான்கிரீட் சுவர், கதவு திறந்தால் தானே நிற்கும் கதிர், நெஞ்சில் டிஎல்டி பேட்ஜ். இந்தியாவில் ஊழியருக்கான வரம்பு ஐந்தாண்டு சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கோபால்ட்-60 இயந்திரத்தில் இன்னும் கவனம் வேண்டும். அந்த உலோகத்துக்கு சுவிட்ச் கிடையாது, எப்போதும் கதிர் வீசிக்கொண்டேயிருக்கும். சிகிச்சை முடிந்ததும் அதைக் கனமான கவசத்துக்குள் இழுத்து மூடத்தான் முடியும்.

நோயாளிக்கு இந்த வரம்பு பொருந்தாது. புற்றைக் கொல்லவே கொடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 கிரே அளவில். அங்கே பாதுகாப்பு என்றால் சரியான அளவு, சரியான இடம். அது தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தெராக்-25 சாட்சி. 1985-87-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அந்த இயந்திரம் பல மடங்கு கதிரைப் பாய்ச்சியது, சிலர் இறந்தார்கள். ஆபரேட்டர் தட்டச்சுப் பிழையை வேகமாகத் திருத்தினால் மென்பொருள் குழம்பியது. பழைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை, 'மென்பொருள் பார்த்துக்கொள்ளும்' என்று எடுத்துவிட்டிருந்தார்கள். இருபது வருஷம் கோடு எழுதியவன் நான். இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 விழுங்கியவர்கள் உடம்பிலிருந்து கொஞ்ச நாள் கதிர் வரும். அவர்கள் மருத்துவர் சொல்லும்வரை குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் தள்ளித்தான் இருக்க வேண்டும். பெரியம்மாவிடம் கேட்டேன், "மருந்து ஏதும் முழுங்கச் சொன்னாங்களா?"

"இல்லப்பா, மெஷினுதான்."

உள்ளே போய்ப் பேரனைத் தூக்கி வந்தேன்.