எடுத்தால் இரண்டாக எடுங்கள்

எங்கள் வீட்டு நாட்டு நாய் கருப்பன், அணில் ஓடினால் துரத்துவான். அதே அணில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டான். நாய்க்கும் பூனைக்கும் ஜென்மப் பகை என்பார்கள். பகையாவது ஒன்றாவது! ஓடுவதைத் துரத்தும் வேகம், அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் பூனைக்குட்டிகளுக்கு ஓட வேண்டிய அவசியம் வராமல் வீட்டைத் தயார் செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நான் எடுத்தவை மளிகைக்கடை மாடிப்படிக்கு அடியில் பிறந்த இரண்டு குட்டிகள். எட்டு வாரம் தாயிடம் பால் குடிக்கவிட்டுத்தான் தூக்கி வந்தேன். “ஒண்ணு போதாதாம்மா?” என்றார் கடை அண்ணாச்சி. போதாது. கூடப்பிறந்த இரண்டும் கட்டிப்புரளும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒன்றிடம் ஒன்று கற்கின்றன. தனிக்குட்டிக்கு அந்தப் பாடம் படிக்க நாயின் வாலும் நம் கணுக்காலும்தான் கிடைக்கும்.

முதலில் குட்டிகளுக்குத் தனி அறை. அவை படுத்த பழைய புடவைத் துண்டைக் கருப்பனிடமும், அவன் படுத்த சாக்கை அவற்றிடமும் போட்டேன். கண்ணுக்கு முன்னால் மூக்கு பழக வேண்டும். சாக்கைப் பார்த்துச் சீறியவை அதன்மேலேயே தூங்கத் தொடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தேன். அப்போதும் கருப்பன் சங்கிலியில்தான். குட்டிகள் பீரோமேல் ஏற ஸ்டூலும் பெட்டியுமாக அடுக்கியிருந்தேன். வால் விஷயத்தில்தான் குழப்பம். நாய் வாலாட்டினால் பெரும்பாலும் சிநேகம். பூனை வாலை விசிறி அடித்தால் எரிச்சல். சிநேகமென்று நெருங்கிய கருப்பன் மூக்கில் ஓர் அறை வாங்கினான்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. உண்ணிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. வலிப்பு வந்து உயிரே போகலாம். மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுத்தாலும் நக்கினாலும் ஆபத்துதான். அதனால், வீட்டில் பூனை இருப்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லாமல் கருப்பனுக்கு எதையும் போடுவதில்லை.

தீனியும் வேறு வேறு. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்; நாய்த் தீனியை நம்பி வளர்க்க முடியாது. பூனைத் தட்டு மேசைமேல் ஏறியது. மிச்சமிருந்தது மணல் தொட்டி. அதில் கிடப்பது கருப்பனுக்குப் பலகாரம்! கொல்லைப்புற அறைக்குள் தொட்டியை வைத்து, குட்டிகள் மட்டும் நுழையும் அளவுக்குக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டேன். அவன் தலை மட்டும் உள்ளே போகும்.