வெட்டாமல் ஒட்டும் விகுதி

ஸ்பானிய மொழி கற்க வருபவர்களை முதலில் படுத்துவது வினைச்சொல்தான். பேசுவதற்கு அகராதியில் 'அப்லார்' என்றிருக்கும். நிகழ்காலத்தில் 'பேசுகிறேன்' என்று சொல்ல அதன் வாலை வெட்டி 'அப்லோ' என்றாக்க வேண்டும். 'ஏர்', 'ஈர்' என முடியும் வினைகளுக்கு விகுதிகள் பல இடங்களில் வேறு.

'முடிந்தால் பேசுவேன்' என்கிற நிபந்தனை வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. அகராதிச் சொல் முழுசாக நிற்கும். கடைசியில் 'ஈயா' சேரும். அப்லரீயா, பேசுவேன். கொமெரீயா, சாப்பிடுவேன். பிபிரீயா, வாழ்வேன். நீ என்றால் ஈயாஸ், நாம் என்றால் ஈயாமோஸ், அவர்கள் என்றால் ஈயான். ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரிடம் பேசும்போது ஈயாய்ஸ். 'அவர்' என்பதற்கும் 'நான்' போலவே ஈயாதான். ஒழுங்கு தவறும் சில வினைகளில்கூட அடிச்சொல்தான் மாறும், விகுதி மாறாது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. லத்தீனில் உடைமையைக் குறித்த வினையின் இறந்தகால வடிவம் தேய்ந்துதான் இந்த 'ஈயா' ஆனது. கிட்டத்தட்ட நம் 'பேச இருந்தேன்' மாதிரி: இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டன. பழைய ஸ்பானியத்தில் அவற்றுக்கு நடுவே 'அவனை', 'உனக்கு' போன்ற சொற்கள் புகுந்ததும் உண்டு. 1492இல் வெளியான தன் இலக்கணத்திலேயே நெப்ரிஹா இந்த ஒட்டைக் கண்டு எழுதிவிட்டார்.

ஆகவே இது இறந்தகாலத்தில் நின்றுகொண்டு முன்னே பார்க்கும் வடிவம். 'திஹோ கே யெகரீயா' என்றால் 'வருவதாகச் சொன்னார்'. இதில் நிபந்தனையே இல்லை. 'செரீயான் லாஸ் த்ரேஸ்' என்றால் 'அப்போது மணி மூன்று இருக்கும்' என்ற ஊகம். காபிக் கடையில் 'மே குஸ்தரீயா உன் கஃபே' என்றால் பணிவான வேண்டுகோள். அந்த்ரேஸ் பெயோ 1847இல் சிலேயில் வெளியிட்ட இலக்கணத்தில் இதற்கு 'போஸ்பிரெத்தேரிதோ', அதாவது இறந்தகாலத்துக்குப் பிந்தியது, என்று பெயர் வைத்தார். மெக்சிகோவில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. நிபந்தனை என்ற பெயரைவிட அதுவே பொருத்தம் என்பேன்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. 'கொமீயா' என்றால் 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்'. நடுவில் 'எர்' வந்தால்தான் 'சாப்பிடுவேன்'. அடுத்தது, 'ஆல்' பொருள் தரும் 'சி'க்குப் பின்னால் 'ஈயா' வராது. 'சி அப்லாரா எஸ்பன்யோல், பிபிரீயா என் மத்ரித்': ஸ்பானியம் பேசத் தெரிந்தால் மத்ரித்தில் வாழ்வேன். விளைவைச் சொல்லும் பாதியில் மட்டுமே 'ஈயா'. பாஸ்க் நாட்டிலும் புர்கோஸ் பக்கத்திலும் பேச்சில் இரண்டு பாதியிலும் அதைக் கேட்கலாம். எழுத்தில் அதைப் பிழையாகவே கொள்வார்கள்.