விதையால் மீண்ட மலர்

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் சாஃப்ரன் வால்டன் என்றொரு சிறுநகர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹாலிஹாக் மலருக்கு அவ்வூரே தலைநகராய் விளங்கியது. வில்லியம் சேட்டர் என்னும் நாற்றங்கால்காரர் அங்கே அடுக்கிதழ் வகைகள் பலவற்றை உருவாக்கி, தனித்தனிப் பெயரிட்டு விற்றுவந்தார். பெயர் பெற்ற வகை இயல்பு திரியாமல் பெருக வேண்டும் என்பதற்காக, அந்நாளைய தோட்டக்காரர்கள் தண்டுத் துண்டுகளை வேரூன்றச் செய்தும் வேரில் ஒட்டுக்கட்டியும் அதனைப் பெருக்கினர். 1873ஆம் ஆண்டில் துருநோய் இங்கிலாந்தை அடைந்தது. சேட்டரின் தோட்டம் பாழாயிற்று. ஆண்டுக்கணக்கில் பேணிய தாய்ச்செடிகள் அழிந்தன. எனினும் அவர் பெயர் அழியவில்லை. அவர் பெயர் தாங்கிய அடுக்கிதழ் ஹாலிஹாக் இன்றும் விதையாகவே விற்கப்படுகிறது. ஒட்டும் துண்டும் கைவிட்ட செடியை விதை காத்தது. அது எவ்வாறு இயன்றது என்பதை அறிந்தவர்க்கு, இச்செடியை வளர்க்கும் முறை முழுவதும் விளங்கிவிடும்.

ஹாலிஹாக் பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் வெண்டையும் துத்தியும் பூவரசும் செம்பருத்தியும் அதன் உறவுகளே. 1753இல் லின்னேயசு இதற்கு ஆல்சியா ரோசியா எனப் பெயரிட்டார். பின்வந்தோர் சிலர் இதனை ஆல்த்தியா என்னும் பேரினத்தில் சேர்த்தனர்; இன்றைய வகைப்பாடு மீண்டும் லின்னேயசு வைத்த இடத்திலேயே வைக்கிறது. இப்பேரினத்தின் காட்டுவகைகள் நடுநிலக்கடலின் கீழ்க்கரை தொடங்கி நடு ஆசியா வரை பரவியுள்ளன.

இதன் பெரும்பாலான வகைகள் ஈராண்டுச் செடிகள். முதல் ஆண்டில் தண்டு எழுவதில்லை. தரையொட்டிய இலைவட்டம் ஒன்று விரிகிறது; மண்ணுக்குள் பருத்த ஆணிவேர் ஆழ இறங்கி உணவைச் சேர்த்துவைக்கிறது. குளிர்காலத்தின் நீண்ட தட்பம் வளர்நுனியைப் பூப்பதற்கு அணியமாக்குகிறது. இதனைத் தட்பப்பதனம் என்பர் தாவரவியலார். மறு கோடையில், வேரில் சேர்ந்த உணவெல்லாம் மேலேறி, ஆள் உயரத்தையும் மிஞ்சி இரண்டு மீட்டர்வரை பூந்தண்டு எழுகிறது. அடியிலிருந்து நுனி நோக்கி மொட்டுகள் முறையாக அவிழ்கின்றன. விதைத்த ஆண்டிலேயே பூக்கும் வகைகளும் தேர்வுமுறையால் உருவாக்கப்பட்டுள்ளன. வட இந்தியச் சமவெளியில் இதனைக் குளிர்கால ஓராண்டுப் பூச்செடியாகவே வளர்க்கின்றனர். மழைக்காலத்தின் முடிவில் விதைத்து, வெயில் முற்றுமுன் பூப்பெடுத்து முடிக்கின்றனர்.

பூவின் நடுவே தாதுத்தாள்கள் யாவும் ஒன்றிணைந்து ஒரு குழலாகி, சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கின்றன. தாதுப்பைகள் முதலில் வெடிக்கின்றன. அவை வெறுமையான பின்னரே, குழலின் நுனியிலிருந்து இழை இழையாய்ச் சூல்முடிகள் வெளிவருகின்றன. இந்த ஆண் முன்முதிர்வால் ஒரு பூ தன் தாதைத் தானே ஏற்பது குறைகிறது. தாது மணிகளோ பூவுலகில் பெரியவை. மேற்பரப்பெங்கும் முள் நிறைந்தவை. பூவுக்குள் புகுந்த வண்டுத்தேனீ உடல் முழுதும் வெண்பொடி பூசி வெளிவருகிறது. ஆயினும் அதன் பின்னங்கால் கூடை வெறுமையாகவே இருக்கும். முள் குறுக்கிடுவதால் மணிகளைத் திரட்டி உருண்டையாக்க அதனால் இயலவில்லை என்பதை, ஜெர்மனியின் கிளாசு லூனாவும் அவர் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. திரட்டி எடுத்துச்செல்ல முடியாத தாது உடலிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த பூவைச் சேர்கிறது. தேனுக்காக வரும் தேனீயைச் சுமையாளாக ஆக்கிக்கொண்டு, சுமையை அதன் உணவாகாமல் காக்கிறது செடி.

இப்படிக் கலப்பு நிகழுமாயின், சேட்டரின் வகைகள் விதைவழி இயல்பு மாறாமல் வந்தது எங்ஙனம்? இவ்வினா டார்வினையும் ஈர்த்தது. அடுக்கிதழ் ஹாலிஹாக் வகைகள் அருகருகே வளர்ந்தும் பெரிதும் கலவாமல் தம் இயல்பிலேயே நிற்பதை, வளர்ப்பு உயிர்களின் வேறுபாடுகளைப் பற்றி 1868இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துப் பேசினார். ஒற்றையிதழ் வகைகளுக்கு இவ்வுறுதி இல்லை. பல நிறச் செடிகள் ஒரே பாத்தியில் நின்றால், அடுத்த தலைமுறையின் நிறத்தைத் தோட்டக்காரர் கணித்துச் சொல்ல முடியாது.

பூ உதிர்ந்தபின் புல்லிவட்டம் மூடிக்கொள்கிறது. அதனுள் தட்டையான கனித்துண்டுகள், வட்டமாய் அடுக்கிய காசுகள்போல் நெருங்கியிருக்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு விதை. பச்சை மாறிப் பழுப்பேறி, கையால் தொட்டதும் துண்டுகள் தனித்தனியே பிரிந்தால் விதை முற்றிவிட்டது எனக் கொள்ளலாம். மழை படாத நாளில் பறித்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

இங்கே இரண்டு பகைகளை வடிகட்ட வேண்டியுள்ளது. முதற்பகை கூன்வண்டு. ஹாலிஹாக்கையே நம்பி வாழும் ஒருவகைக் கூன்வண்டின் பெண், ஆணினதைவிட மிக நீண்ட மூக்கு உடையது. அம்மூக்கால் மொட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு வளரும் விதையைத் தின்று, அவ்விதைக்கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாய் வெளியேறுகிறது. துளை விழுந்த விதையில் முளைக்கும் கரு இராது. அதனை எறிந்துவிட வேண்டும். இரண்டாம் பகை துருநோய்ப் பூஞ்சை. அது விதைக்குள் அன்று, விதையோடு கலந்து வரும் காய்ந்த புல்லித் துணுக்குகளில் ஒட்டி வருகிறது. ஆகவே விதையைப் புடைத்து, துணுக்கு ஒன்றும் இல்லாமல் தூய்மையாக்குவது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று, நோய்க்காப்பு.

துருநோயின் வாழ்க்கை வட்டத்தை அறிந்தால் இதன் இன்றியமையாமை புலனாகும். இப்பூஞ்சை சிலி நாட்டுச் செடிகளிலிருந்து 1852இல் முதன்முதல் விளக்கி எழுதப்பட்டது; பின்னர் 1869இல் ஸ்பெயினில் காணப்பட்டு, சில ஆண்டுகளில் ஐரோப்பா எங்கும் பரவியது. கோதுமையின் தண்டுத்துரு பார்பெரிப் புதரையும் நாடித் தன் வட்டத்தை நிறைவு செய்யும். ஹாலிஹாக்கின் துருவுக்கு இரண்டாம் செடி வேண்டியதில்லை. இலையின் மேற்புறத்தில் மஞ்சட்புள்ளி தோன்றும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் செம்பழுப்பான கொப்புளம் புடைத்திருக்கும். கொப்புளத்திலுள்ள ஈரறை வித்துகள் ஓய்வின்றி அங்கேயே முளைத்து நுண்ணிய வித்துகளை ஈனுகின்றன. அவை ஈரக்காற்றில் பறந்து அடுத்த இலையைப் பற்றுகின்றன. குளிர்காலத்தில் பூஞ்சை அடியிலைகளிலும் பழைய தண்டிலும் தங்கியிருக்கும். செடியைப் பல்லாண்டு வைத்துப் பேணினால் நோயையும் உடன்வைத்துப் பேணியதாகிறது. துண்டாலும் ஒட்டாலும் பெருக்கிய நாளில், தோட்டம் முழுவதும் நோய் சுமந்த பழஞ்செடிகளின் தொடராக நின்றதே அழிவுக்கு வழிவகுத்தது. தூய்மையான விதை அத்தொடரை அறுத்துவிடுகிறது.

இனி விதைப்பு. இக்குடும்பத்து விதைத்தோல் கடினமானது. தோலின் நெருங்கிய உயிரணு அடுக்கு நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை. எனவே விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைப்பது நன்று. மறுநாளும் பருக்காத விதையின் தோலை உப்புத்தாளில் மென்மையாய் ஒருமுறை உரசினால் நீர் புகும் வழி பிறக்கும். வெப்பநிலை 15 முதல் 20 செல்சியஸ் பாகை இருக்க, அரை சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் போகாமல் விதைத்து, மெல்லிய மண் போர்த்தினால் பெரும்பாலும் இரு வாரத்துக்குள் முளை காணும். நெஞ்சுவடிவான இரு வித்திலைகள் முதலில் விரியும்; அவற்றின்பின் ஓரம் நெளிந்த வட்ட இலை வரும். ஆணிவேர் விரைந்து இறங்குவதால் ஆழமான தொட்டிகளே ஏற்றவை. வேர் சுருண்டபின் பிடுங்கி நட்ட நாற்று செழிப்பதில்லை. இரண்டு மூன்று உண்மை இலைகள் விட்டதும், வேர் கலையாமல் நிலைத்த இடத்தில் நட வேண்டும்.

நடும் இடம் நீர் தேங்காததாகவும், நாளின் பெரும்பகுதி வெயில் படுவதாகவும் இருத்தல் நலம். செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், காற்று ஊடாடி இலைகள் விரைவில் உலரும். நீரை வேரடியில் மட்டும் ஊற்ற வேண்டும். இலைமேல் தெளிக்கும் நீர் பூஞ்சைக்கு அழைப்பாகும். கொப்புளம் கண்ட அடியிலையை அன்றே கிள்ளி அகற்ற வேண்டும். பக்கத்தில் முளைக்கும் மால்வா இனக் களைகளிலும் இதே துரு தங்குவதால், அவற்றையும் களைவது முறை. பூப்பு முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டி, உதிர்ந்த இலைகளையும் கூட்டி எடுத்துத் தோட்டத்தை விட்டு அகற்ற வேண்டும்.

ஒரே ஆண்டில் மட்டும் விதைத்தால் ஒரு கோடை பூக்கும், அடுத்த கோடை வெறுமையாகும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் விதைத்து, பின் ஆண்டுதோறும் அதனைத் தொடர்ந்தால், ஒரு தலைமுறை இலைவட்டமாய் நிற்க மற்றொன்று பூத்து நிற்கும். முதிர்ந்த செடி மறு ஆண்டும் பூக்கக்கூடும் என்று அதனை விட்டுவைப்பது பலருக்கும் எழும் ஆசை. அந்த ஆசையை விலக்கி, பழையதை நீக்கிப் புதியதை விதைப்பவருடைய தோட்டத்திலேயே இம்மலர் நிலைக்கும். சேட்டரின் பெயரை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்ததும் இம்முறைதான்.