வெறுமையாகக் கிடந்த வேலைத்தளமும் ஒரு ஸ்டேஷன் வேகனும்

ஸ்டேஷன் வேகன் என்றதும் எமது வியாபாரிகளின் மனதில் வருவது ஒரே காட்சிதான். பின் ஆசனத்தை மடித்து, துணிக்கட்டுகளையும் பெட்டிகளையும் கூரை முட்ட அடுக்கி, ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும் வாகனம். உழைப்புக்கு உதவும், அழகுக்கும் வேகத்துக்கும் உதவாது என்பதே அதற்குள்ள பெயர்.

ஜேர்மனியில் 1994ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டேஷன் வேகன் அந்தப் பெயரை மாற்றியது. அதுதான் அவுடி ஆர்.எஸ்.2 அவான்ட். அதன் சிறப்பம்சங்கள் என்ன, அது எப்படி உருவானது என்பதை இவ்வாரம் பார்ப்போம். அப்படியொரு காரை வாங்க நினைக்காதவர்களுக்கும் அதன் கதையில் ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது.

காரின் விபரம்

இதன் அடிப்படை, அவுடி 80 அவான்ட் என்ற சாதாரண குடும்பக் கார். என்ஜின் வெறும் 2.2 லீற்றர், ஐந்து சிலிண்டர், 20 வால்வு. ஆனால் அதிலிருந்து 315 குதிரை வலுவை எடுத்தார்கள். இதற்குக் காரணம் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறி சுழல, அது மேலதிகக் காற்றை என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிக்கக்கூடிய பெற்றோலும் கூடும், வலுவும் கூடும். இந்தக் காருக்குப் பெரிய டர்போவைப் பொருத்தினார்கள்.

அந்த வலு ஆறு கியர்கள் வழியாக நான்கு சில்லுகளுக்கும் போகிறது. அதனால் ஈரமான பாதையிலும் சில்லு வீணாகச் சுழல்வது குறைவு. சுமார் 1,600 கிலோ எடையுள்ள இந்த வாகனம் 5.4 வினாடிகளில் 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 262 கிலோமீற்றர்.

குறை இல்லாமலும் இல்லை. பெரிய டர்போ சுழன்று எழும்ப நேரமெடுக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்களை எட்டும்வரை கார் சற்று மந்தமாகவே போகும். அதன் பிறகுதான் பாய்ச்சல்.

வேகத்துக்கேற்ப பிரேக்கும் வேண்டுமல்லவா? பெரிய பிரேக்குகள், 17 அங்குல ரிம்கள், பக்கக் கண்ணாடிகள் எல்லாம் போர்ஷேயின் பாணியில் அமைந்தவை. காரின் உயரத்தையும் 40 மில்லிமீற்றர் குறைத்தார்கள். ஆனால் பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஆசனத்தை மடித்தால் இதிலும் பெட்டிகளை அடுக்கலாம்.

இதைப் பொருத்தியது யார்?

அவுடியின் சொந்த ஊர் இங்கோல்ஸ்டாட். ஆனால் இந்தக் காரின் பொடி அங்கிருந்து ஸ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹவுசன் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்குள்ள போர்ஷே தொழிற்சாலையில்தான் கார் பூரணமானது. இன்று இரண்டும் வொக்ஸ்வேகன் குழுமத்தைச் சேர்ந்தவை. அன்று போர்ஷே ஒரு தனி நிறுவனம்.

பெயர்பெற்ற போர்ஷே அடுத்தவரின் குடும்பக் காரைப் பூட்டிக் கொடுக்க ஏன் சம்மதித்தது? காரணம் நெருக்கடி. 1986இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த அதன் ஆண்டு விற்பனை, 1993 அளவில் பதினையாயிரத்துக்கும் கீழே இறங்கியது. 1992/93 நிதியாண்டில் நட்டம் 239 மில்லியன் மார்க். தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள், வேலை போதவில்லை.

எனவே கௌரவம் பார்க்காமல் வெளிவேலையை எடுத்தார்கள். 1990 முதல் பென்ஸ் நிறுவனத்தின் 500 ஈ காரை அங்கு பொருத்திக் கொடுத்தார்கள். அடுத்து வந்ததே அவுடியின் வேலை. அவுடிக்கும் இது இலாபம்தான். சில ஆயிரம் கார்களுக்காகப் பெரிய தொழிற்சாலையின் ஓட்டத்தைக் குழப்பத் தேவையில்லை. 2,200 கார்கள் போதுமென்று திட்டமிட்டார்கள். 1995இல் உற்பத்தி நிறுத்தப்படும்போது எண்ணிக்கை 2,891.

நாம் பெறும் பாடம்

இந்த ஒரு கார்தான் போர்ஷேயைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். ஜப்பானிய நிபுணர்களை அழைத்து வீண் செலவைக் குறைத்தது, 1996இல் பொக்ஸ்டர் என்ற புதிய காரைக் கொண்டுவந்தது ஆகியவையே பிரதான காரணங்கள். ஆனால் நல்ல காலம் வரும்வரை கைகளுக்கு வேலை கொடுத்தது இந்த வெளிவேலைதான்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. போர்ஷே தன் பெயரை மறைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை. என்ஜினிலும் காரின் முத்திரையிலும் அந்தப் பெயர் இருந்தது. பணத்தை இரவல் கொடுப்பதை விடப் பெயரை இரவல் கொடுப்பது ஆபத்தானது. அதனால்தான் பிரேக் முதல் ரிம் வரை தன் தரத்துக்கு ஏற்றதையே போட்டது.

எம்மில் எத்தனை பேரின் அச்சு இயந்திரம் வாரத்தில் பாதி நாள் சும்மா கிடக்கிறது? எத்தனை தையல் மெஷின்கள் பெருநாள் முடிந்ததும் தூசி பிடிக்கின்றன? அடுத்த கடைக்காரனின் ஓடரை எடுத்துச் செய்வது இழிவென்று நினைத்து வாடகையையும் சம்பளத்தையும் கைக்காசிலிருந்து கட்டுகிறோம். எடுக்கும் வேலை நமக்குத் தெரிந்த வேலையாக இருக்கட்டும். கூலியையும் தவணையையும் எழுதிக்கொள்வோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி மார்க்கமே எமக்குச் சொல்லியிருக்கிறது. பிறர் பொருள் நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம்.

கடைசியாக ஒன்று. பொக்ஸ்டருக்கு வாடிக்கையாளர்கள் குவிந்தபோது சொந்தத் தொழிற்சாலை போதவில்லை. 1997இல் பின்லாந்து நாட்டின் வல்மெட் நிறுவனத்துக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அடுத்தவர் வேலைக்குக் கைநீட்டிய அதே போர்ஷேதான், இப்போது அடுத்தவருக்கு வேலை கொடுத்தது.