கடன் அனுமதியும் கைக்கு வரும் பணமும்



வீடு வாங்குவதற்கோ கட்டுவதற்கோ வங்கியில் விண்ணப்பித்துக் காத்திருப்போருக்கு ஒரு நாள் கடிதமொன்று வருகின்றது. ‘தாங்கள் கோரிய கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது’ என்று அதில் எழுதியிருக்கும். இக்காலத்தில் அதே செய்தி கைத்தொலைபேசியிலும் வந்து சேருகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் பலர் அந்த ஒரு வரியைப் படித்த அன்றே பணம் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கிடத் தொடங்குகின்றனர். வாரங்கள் கழிகின்றன, பணம் வருவதில்லை. வங்கியிற் போய்க் கேட்டால், ‘எல்லாம் சரி, கோவை சட்டப் பிரிவில் இருக்கின்றது’ என்கிறார்கள். எல்லாம் சரியென்றால் பணம் ஏன் வரவில்லை? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ‘அனுமதி’ என்னும் சொல்லின் பொருளைப் பார்ப்போம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த மாணவனுக்கு, அந்தக் காரணத்தால் மட்டும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. அவன் விண்ணப்பிக்கலாம் என்பதே அதன் பொருள். வங்கியின் அனுமதியும் ஏறத்தாழ அத்தகையதே. விண்ணப்பகாரரின் சம்பளச் சான்றிதழை வங்கி பார்க்கின்றது. (ஆசிரியர்களுக்கு அச்சான்றிதழில் ஒப்பமிடுவது அதிபர்களாகிய எங்களுக்கு ஓயாத வேலை.) பின்னர் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைப் பெறுகின்றது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இப்பணியகம், ஒருவர் முன்னர் பெற்ற கடன்களையும் அவற்றை அவர் செலுத்திவந்த ஒழுங்கையும் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அறிவிக்கின்றது. இவற்றையெல்லாம் நோக்கி, ‘இவருக்கு இத்தொகையைக் கொடுக்கலாம்’ என்று வங்கி முடிவு செய்கின்றது. அந்த முடிவு மனிதரைப் பற்றியது. காணியைப் பற்றிய முடிவு அதன் பின்னரே வரவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு. அங்கே காப்பொன்றை அடகு வைக்கச் செல்பவர் எத்தனை நாட்கள் காத்திருக்கின்றார்? உரைகல்லில் உரைத்து, தராசில் நிறுத்து, சீட்டெழுதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றார்கள். ஈட்டுப் பொருள் அந்தக் கணமே பெட்டகத்துள் சென்றுவிடுவதால் அவர்களுக்குத் தயக்கமில்லை. வீட்டையோ காணியையோ எவராலும் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட இயலாது. ஆதலால் வங்கி அதைக் காகிதத்தின் மூலமே தன் பிடிக்குள் கொண்டுவர வேண்டியிருக்கின்றது. கடிதம் வந்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தின் பெரும்பகுதி இந்த வேலையிலேயே கழிகின்றது. காணியை ஈடாகக் கொண்டு கடன் வழங்குவதற்கென்றே இலங்கையில் 1931 ஆம் ஆண்டில் அரச ஈட்டு வங்கியொன்று நிறுவப்பட்டது. அரச ஈட்டு முதலீட்டு வங்கி என்று நாம் இன்று அறிவது அதன் வழிவந்ததே. அங்கும் இதே ஒழுங்குதான்.

காகிதத்தாற் பிடிப்பது எவ்வாறு? இந்நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி காணியை விற்பதானாலும் ஈடு வைப்பதானாலும், நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுத்தில் ஒப்பமிட்டாலன்றிச் செல்லாது. அதற்குமேல் 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. ஒரே காணியின்மேல் இரண்டு உறுதிகள் தோன்றினால், முன்னர் எழுதப்பட்டது என்ற காரணத்தால் மட்டும் ஒன்று வென்றுவிடாது. பதியாமற் கிடந்த பழைய உறுதி, பெறுமதி கொடுத்து எழுதப்பட்டு முந்திப் பதியப்பட்ட புதிய உறுதியிடம் தோற்றுப்போகலாம். வங்கியின் சட்டத்தரணி பதிவைப் பற்றி ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கின்றார் என்பது இப்பொழுது விளங்கும். காணிப் பதிவகத்துப் பதிவேட்டுப் பக்கங்களை அவர் வழக்கமாக 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் புரட்டுகின்றார். யார் யாருக்கு விற்றார், எவர் ஈடு வைத்தார், அந்த ஈடு மீட்கப்பட்டதா என்றெல்லாம் பார்க்கின்றார். மதிப்பீட்டாளர் வீட்டை நேரிற் கண்டு விலை குறிக்கின்றார். நில அளவைப் படமும் உறுதியிலுள்ள எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்பதும் பார்க்கப்படுகின்றது.

கொழும்பில் இவ்வேலை எளிதன்று. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில், தாத்தாவின் பெயரிலேயே உறுதி நின்றுவிட்டவை உண்டு. பிள்ளைகள் ஐவர், இருவர் கனடாவில், ஒருவர் இலண்டனில். ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்கு இருக்கும். வெளிநாட்டில் உள்ளோர் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கே பதியப்படவும் வேண்டும். இறந்தவரின் சொத்து முறைப்படி வாரிசுகளைச் சேராதிருந்தால் நீதிமன்றத்துக்கும் போகவேண்டியிருக்கும். வெள்ளவத்தையின் சிக்கல் வேறு. அங்கே வாங்கப்படுவது பெரும்பாலும் தொடர்மாடி வீடு. நான்காம் மாடியிலுள்ள ஒரு வீட்டுக்கு நிலம் ஏது? 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டம் அதற்கு வழி செய்தது. கட்டடத்தின் கூட்டாதனப் படம் பதியப்பட்ட பின்னர் ஒவ்வொரு வீடும் தனிச் சொத்தாகின்றது. அந்த வீட்டுக்கெனத் தனி உறுதி எழுதக்கூடிய நிலை வருமுன், வங்கிகள் பெரும்பாலும் பணத்தை விடுவிக்கத் தயங்குகின்றன. சுவருக்கு வண்ணம் பூசி, மின்தூக்கியும் ஓடத் தொடங்கிய கட்டடமாயிருக்கலாம். பதிவகத்தைப் பொறுத்தவரை அந்த வீடு இன்னும் பிறக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தவர். அனுமதிக் கடிதத்தைக் கண்டதும், சேமிப்பிலிருந்த பணத்தை எடுத்து முற்பணமாகக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் மீதியைச் செலுத்துவதாக விற்பனை உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். தவறினால் முற்பணம் திரும்பாது என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. வாடகை வீட்டுக்காரருக்கும் அறிவித்துவிட்டார். பழைய ஈடொன்று மீட்கப்பட்டதற்கான பதிவு பதிவேட்டில் இல்லாததைச் சட்டத்தரணி கண்டார். விற்பவர் அதைச் சீர்செய்து முடிப்பதற்குள் மூன்று மாதங்களும் கடந்துவிட்டன. வீட்டை விற்பவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பதினெட்டு ஆண்டுச் சேமிப்பின் பெரும்பங்கு அவ்வாறு போயிற்று. வங்கி தன் சொல்லை மீறவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘உரித்துச் சீராக இருத்தலுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனை அச்சிடப்பட்டே இருந்தது. முற்பணம் கொடுக்குமுன், ‘எம் சட்டத்தரணி உரித்தை ஏற்காவிடில் முற்பணம் திரும்பும்’ என்ற ஒரு வரியை உடன்படிக்கையிற் சேர்க்கச் சொல்லலாம் என்று அவருக்கு எவரும் கூறவில்லை. அந்த வரிக்காக விற்பவரோடு வாதாடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டை அண்மையில் நாடு முழுவதுமே கண்டது. சர்வதேச நாணய நிதியத்தின் அலுவலர்களோடு இலங்கை 2022 செப்டெம்பர் 1 ஆந் திகதி பணியாளர் மட்ட இணக்கப்பாட்டை எட்டியது. எரிபொருள் வரிசையில் நின்று களைத்திருந்த மக்களில் பலர், டொலர் வந்துவிட்டது என்றே எண்ணினர். நிறைவேற்றுச் சபையின் அனுமதியோ 2023 மார்ச் 20 ஆந் திகதியே கிடைத்தது. இடையிற் கழிந்த ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட காலத்தில், முன்னர் கடன் கொடுத்த நாடுகளிடமிருந்து உறுதிமொழி பெற வேண்டியிருந்தது. அனுமதிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 300 கோடி டொலர். உடனே வந்ததோ 33 கோடி டொலரளவு. அடுத்த தவணை, மீளாய்வு முடிந்த பின்னர் 2023 டிசெம்பரில் விடுவிக்கப்பட்டது. வீடு கட்டுவோருக்கு வங்கி செய்வதும் இதுவே. அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, கூரை ஏறியதும் மற்றொரு பகுதி என்று, வேலையைப் பார்வையிட்டே பணம் விடுவிக்கப்படுகின்றது.

காத்திருக்கும் காலத்தில் வட்டியும் மாறலாம். 2022 ஏப்ரல் 8 ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஆகவே, கடிதம் எத்திகதி வரை செல்லுபடியாகும், வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்பவற்றை முதல் நாளிலேயே பார்த்துவிடுதல் வேண்டும்.

வங்கிக்குச் செல்லும்போது ‘பணம் எப்போது வரும்?’ என்று கேட்டால், ‘விரைவில்’ என்ற விடையே கிடைக்கும். ‘உரித்து அறிக்கை வந்துவிட்டதா? ஈட்டு உறுதியில் ஒப்பமிட நாள் குறித்தாயிற்றா? பதிவுக்குக் கொடுத்தாயிற்றா? என்னிடமிருந்து எந்த ஆவணம் வேண்டும்?’ என்று தனித்தனியே கேட்பவருக்குத் தக்க விடை கிடைக்கின்றது. கோவை தம் பத்திரம் ஒன்றுக்காகவே நின்றுகொண்டிருப்பதை அவ்வாறு கேட்டறிந்தவர்கள் பலர்.

இறுதியாகப் பணம் செல்லும் வழி. வீடு வாங்குவோரின் கணக்குக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. உறுதி ஒப்பமிடும் வேளையில் விற்பவரின் பெயருக்கே காசோலையாகக் கொடுக்கப்படுகின்றது. கட்டுவோரின் கணக்குக்கு வரும் தொகையும் கடிதத்திற் கண்டதிலும் குறைவாக இருக்கலாம். சட்டச் செலவு, மதிப்பீட்டுக் கட்டணம், காப்புறுதிக் கட்டுப்பணம் ஆகியவற்றை முதலிலேயே கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அக்கழிவுகளின் விவரத்தை எழுத்திற் கேட்டுப் பெறலாம். முதல் மாதக் கட்டுப்பணம் எத்திகதியில் தொடங்குகின்றது என்பதையும் அப்பொழுதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.