அடிவரை எடுக்கச் சொல்லாதீர்கள்

மதுரை மாநகரின் மேற்கே, வைகையின் தென்கரையை ஒட்டி, மேலக்கால் சாலையில் அமைந்திருக்கிறது கோச்சடை. இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி அது. வீடு கட்டும்போது வாசல் எங்கே, சமையலறை எங்கே, செபமேடை எங்கே என்று குடும்பத்தார் கூடி அமர்ந்து பேசுகிறோம். செப்டிக் டேங்கைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. அதன் மூடியின்மேல் பூந்தொட்டியை வைத்து மறந்துவிடுகிறோம். அது நிரம்பி வழியும் நாளில்தான், "யாராவது ஆளைக் கூப்பிடுங்கள்" என்கிறோம்.

வந்து நிற்கும் அந்த "ஆளை"ப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நமது மதுரையின் பழங்காநத்தம் நேரு நகரிலுள்ள கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டாரைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. தொழிலாளர் ஒருவர் விஷவாயு தாக்கிக் கழிவுநீர்க் கிணற்றுக்குள் விழுந்தார். அவரைக் காப்பாற்ற விரைந்த மற்ற இருவரும் உள்ளே சிக்கினர். மூவருமே மாண்டனர்.

செய்தித்தாள்களில் இத்தகைய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். முதலில் ஒருவர் விழுகிறார், அடுத்து அவருடைய தோழரோ, உடன்பிறந்தவரோ, வீட்டுக்காரரோ இறங்குகிறார், அவரும் மீள்வதில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இவ்வாறான அடைபட்ட இடங்களில் இறந்தவர்களுள் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே! பிறருக்காகத் தம் உயிரைப் பொருட்படுத்தாத இந்த நல்லவர்கள் ஏன் மடிகிறார்கள்? துணிவு அவர்களிடம் குறைவாகவா இருந்தது? இல்லை. அவர்களுக்கு இல்லாதிருந்தது பயிற்சி.

மூக்கை ஏமாற்றும் நஞ்சு

கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு உண்டாகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. காற்றைவிடக் கனமானதாகையால் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். நாற்றம் இருக்கும்வரை எச்சரிக்கை உண்டு என்று எண்ணிவிடலாகாது. பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு 100 பங்கை எட்டினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். "நாற்றம் குறைந்துவிட்டது" என்று மனிதன் மேலும் ஒரு படி இறங்குவான். 700 பங்கைத் தாண்டினாலோ, ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். கூவி அழைக்கவும் நேரமிராது.

இதனுடன் தீப்பற்றக்கூடிய மீத்தேனும் சேர்ந்திருக்கும். பிராணவாயுவும் குறைந்திருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 விழுக்காடு; அது 19.5-க்குக் கீழே சென்றால் அவ்விடம் மனிதன் நுழையத் தக்கதன்று.

கிணற்றுக்குள் எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். பிராணவாயு இல்லையெனில் விளக்கு அணையும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடை அவ்விளக்கு காட்டாது. மீத்தேன் இருந்தால் தீ பிடித்து வெடிக்கவும் கூடும். மூக்கில் கட்டும் ஈரத்துணியும், மருந்துக் கடையில் வாங்கும் முகக்கவசமும் இங்கே பயனற்றவை. இல்லாத பிராணவாயுவை அவை எங்கிருந்து தரும்?

பயிற்சி என்பது யாது?

பயிற்சி பெற்றவர் மூடியைத் திறந்தவுடன் இறங்கமாட்டார். அக்கம்பக்கத்து மூடிகளையும் திறந்து காற்றோட விடுவார். வாயுவை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியே என மூன்று நிலைகளிலும் அளப்பார். அளந்த பின்னும் நம்பிவிடமாட்டார். ஏனெனில் கசடைக் கிளறும்போது அதனுள் அடைபட்ட வாயு திடீரெனப் பொங்கும். இறங்கியே ஆகவேண்டிய நிலையில், தூய காற்றைத் தரும் சுவாசக் கருவியை அணிந்து, உடலோடு பிணைத்த வாரும் கயிறும் மாட்டியே இறங்குவார். கயிற்றின் மறுமுனை மேலே முக்காலியில் இருக்கும். அங்கே நிற்கும் காவலர் என்ன நேரினும் தாம் இறங்கமாட்டார். கயிற்றை இழுத்துத் தூக்குவதே அவர் கடமை. இந்த ஒரு பாடம் நன்கு பதிந்திருந்தால் இரண்டாவது சாவு, மூன்றாவது சாவு நேராது.

அமெரிக்காவில் நச்சுக் கழிவைக் கையாள்வோருக்கும் விபத்து நேர்கையில் உதவ விரைவோருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கிய விதி 1990 முதல் நடைமுறையில் உள்ளது. நச்சுக் கழிவு கிடக்கும் இடத்தில் பணிபுரியும் சாதாரணத் தொழிலாளிக்கு 40 மணி நேரப் பாடமும், மேற்பார்வையின்கீழ் 3 நாள் களப்பயிற்சியும், பின்னர் ஆண்டுதோறும் 8 மணி நேர மறுபயிற்சியும் வேண்டும் என்கிறது அவ்விதி. நம் வீட்டு வாசலுக்கு வரும் தொழிலாளி எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றார் என்று நாம் என்றேனும் வினவியதுண்டா?

சட்டம் நம்மையும் சுட்டுகிறது

மனிதக் கழிவை மனிதர் அகற்றும் கொடுமையைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. பாதுகாப்புச் சாதனங்களும் ஏற்பாடுகளும் இன்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ எவரையும் இறக்குவது குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒப்பந்தக்காரருக்கும் நகராட்சிக்கும் மட்டுமன்று, கூலிக்கு ஆள் அமர்த்தும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஆயினும் தந்தையை இழந்த குழந்தைக்கு எத்தொகை ஈடாகும்? 1993 முதல் இவ்வகையில் இறந்தோரைப் பற்றி மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்குகளில் நம் தமிழகமே முதலிடத்தில் நின்றது என்பதும் நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

நம்மால் ஆவது என்ன?

இன்று வீடுகளில் கழிவை எடுக்க உறிஞ்சு லாரி வருகிறது. குழாயை உள்ளே விட்டு வெளியிலிருந்தே உறிஞ்சிவிடலாம். பின் ஏன் மனிதர் இறங்குகிறார்? பல வேளைகளில், "அடியில் இருப்பதையும் சுத்தமாக எடுத்துவிடப்பா, கூட நூறு ரூபாய் தருகிறேன்" என்று நாம் சொல்லும் ஒரு சொல்லே காரணம். உண்மையில் அடிவரை சுரண்ட வேண்டியதே இல்லை. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகுவதற்காகச் சுமார் ஓரங்குலக் கசடை அடியில் விட்டுவைக்க வேண்டும் என்பதே இந்தியத் தர நிர்ணய விதியின் அறிவுரை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிவை எடுத்துவந்தால் அது கட்டிப்பட்டு இறுகுவதுமில்லை.

புதிதாகக் கட்டிய தொட்டியும் ஆபத்தானதே. மாதக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டியில் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கி மாண்டவர்கள் உண்டு. கழிவே படாத தண்ணீர்த் தொட்டியிலும் ஈரப்பலகை மக்கிப் பிராணவாயுவைத் தின்றுவிடும்.

எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் நாம் இறங்கலாகாது. பிறரையும் இறங்க விடலாகாது. அவர் உடலில் கயிறு இருந்தால் மேலிருந்தபடியே இழுக்கலாம். எல்லா மூடிகளையும் திறந்து, நெருப்பையும் பீடியையும் அப்புறப்படுத்த வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 அல்லது 112 எண்ணிலும், ஆம்புலன்சுக்கு 108 எண்ணிலும் உடனே சொல்ல வேண்டும். விஷவாயு விபத்து என்பதைத் தெளிவாகச் சொன்னால் அவர்கள் சுவாசக் கருவியோடு வருவார்கள்.

நம் பங்கு வளாகத்திலும் பள்ளியிலும் விடுதியிலும் இத்தொட்டிகள் உள்ளன. அடுத்த அன்பியக் கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கி இச்செய்திகளைப் பேசுவோம். வீட்டுப் பிள்ளைகளுக்கும், கட்டட வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கும் சொல்லிவைப்போம். லாரி வரும் நாளில் நாமே வாசலில் நின்று, "உள்ளே இறங்க வேண்டாம் தம்பி, எடுத்த மட்டும் போதும்" என்று சொல்வோம். அவரும் மாலையில் தம் பிள்ளைகளிடம் நலமாகத் திரும்பட்டும்.